புதியது 49 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கும்போது பழைய ட்ரில்லைப் பழுதுபார்ப்பது வீண்வேலையா?

ஈசூன்வாசி — 5 ஜனவரி 2025

வீட்டில் எட்டு ஆண்டுப் பழைய ட்ரில் ஒன்று கிடக்கிறது. சுவிட்சை அழுத்தினால் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் ஓடுவதில்லை. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடியும் ஓடுகிறது. கடையில் கேட்டேன். திறந்து பார்ப்பதற்கே 30 வெள்ளியாம், பழுதுபார்க்கும் கூலி தனியாம். இணையத்தில் புதிய ட்ரில் 49 வெள்ளி. சிங்கப்பூரில் கருவிகளைப் பழுதுபார்ப்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்கிறேன். மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

பட்டறைக்காரன் — 5 ஜனவரி 2025, இரவு

கணக்கோடுதான் வருகிறேன். தட்டினால் ஓடுகிறது என்று நோயை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கார்பன் தேய்ந்துவிட்டது.

ட்ரில்லுக்குள் சுழலும், கம்பி சுற்றிய உருளையான ஆர்மேச்சரின் ஒரு முனையில் செம்புப் பட்டைகளாலான வளையம் இருக்கும். அதுதான் கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் இரண்டு கார்பன் துண்டுகளைச் சுருள்வில் அழுத்திக்கொண்டிருக்கும். மின்சாரம் அவற்றின் வழியாகத்தான் ஆர்மேச்சருக்குள் போகிறது. செம்பு தேயக் கூடாது என்பதற்காகவே கார்பனைத் தேயும்படி செய்திருக்கிறார்கள். அது குட்டையானதும் சுருள்வில்லின் கை எட்டாது. தட்டும்போது கார்பன் ஒரு மயிரிழை நகர்ந்து செம்பைத் தொடும், மோட்டார் ஓடும்.

ஒரு ஜோடி கார்பன் சில வெள்ளிதான். பல ட்ரில்களில் உடலின் இருபுறமும் வட்டமாக, நடுவில் கீறல் உள்ள மூடிகள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திருகினால் கார்பன் தானே எட்டிப் பார்க்கும். உடலைப் பிரிக்கவே வேண்டாம். 30 வெள்ளி கேட்டவர் உங்கள் ட்ரில்லைக் கையில் வாங்கியாவது பார்த்தாரா?

பட்டறைக்காரன் — 6 ஜனவரி 2025

நேற்று அவசரத்தில் விட்டுப்போனது. இரண்டு கார்பனையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சரி. பழையதைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் மேல் எண் அச்சிட்டிருக்கும். அழிந்திருந்தால் நீளம், அகலம், கனம் மூன்றையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் பெரியதை உரசிச் சிறிதாக்கலாம். சிறியதைப் பெரிதாக்க ஆண்டவனால்கூட முடியாது. கூட்டுக்குள் ஆடும் கார்பன் பொறி தெறித்துச் செம்பைத் தின்றுவிடும்.

புதிய கார்பன் போட்டதும் சுமையில்லாமல் சில நிமிடம் ஓட விடுங்கள். வளையத்தின் வளைவுக்கு ஏற்பக் கார்பனின் முகம் படிய வேண்டும். இதை இரவு பதினொரு மணிக்குச் செய்துவிட்டு என் பெயரைச் சொல்ல வேண்டாம். என் அண்டைவீட்டாருக்கும் எனக்கும் ஏற்கெனவே சரியில்லை.

பட்டறைக்காரன் — 6 ஜனவரி 2025, சற்று கழித்து

இன்னொன்று. சில கார்பன்களுக்குள் சிறு சுருள்வில்லும் மின்கடத்தா முள்ளும் ஒளிந்திருக்கும். எல்லைவரை தேய்ந்ததும் முள் வெளியே வந்து கார்பனைச் செம்பிலிருந்து தூக்கிவிடும். கருவி சட்டென்று நின்றுவிடும், தட்டினாலும் பயனில்லை. மக்கிதா போன்ற நிறுவனங்களின், உலோகம் அறுக்கும் கிரைண்டர்களில் பார்த்திருக்கிறேன். உங்களுடையது விட்டுவிட்டு ஓடுவதால் சாதாரண வகையாகத்தான் இருக்கும். அதனால்தான் சீக்கிரம் மாற்றச் சொல்கிறேன். சாதாரண கார்பன், தான் தேய்ந்து முடிந்த பிறகும் வேலையை விடாது. அப்போதுதான் ஆர்மேச்சர் கெடுகிறது.

என் கட்சி முழுவதும் இதுதான். நம் ஆட்கள் கருவி நின்ற பிறகே பழுதுபார்ப்பதா வாங்குவதா என்று யோசிக்கிறார்கள். அதற்குள் சில வெள்ளியில் தீர வேண்டிய வேலை 40 வெள்ளி வேலையாகிவிடுகிறது. பிறகு “பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது” என்ற தீர்ப்பு.

பட்டறைக்காரன் — 8 ஜனவரி 2025

எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் தனிச்செய்தியில் கேட்டுவிட்டார்கள். ஜாலான் புசார் வட்டாரத்துப் பழைய வன்பொருள் கடைகளில் கேளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பெரியவர், நீங்கள் நீட்டும் கார்பனைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒருமுறை பார்ப்பார். பேச மாட்டார். உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வருவார். மின்னணு உதிரிகள் என்றால் சிம் லிம் டவர். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் சதுக்கத்துக்குப் போய்க் கார்பன் கேட்டால் கைப்பேசி உறையைக் காட்டுவார்கள்.

பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. செத்த ட்ரில்லைத் தரையில் விரித்த சாக்கின் மேலிருந்து ஐந்து வெள்ளிக்கு வாங்கிவந்து, சக் (துளையிடும் அலகைப் பிடிக்கும் தலை), சுவிட்ச் இரண்டையும் கழற்றிக்கொண்டு மீதியைப் பழைய சாமான் வாங்கும் கரங்குனிக்காரரிடம் போடலாம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு சந்தையை மூடிவிட்டார்கள். இப்போது அதே வேலையை, பழைய பொருள் விற்கும் கெரோசல் இணையத்தளத்தில் செய்கிறேன். “ஓடவில்லை, உதிரிக்கு மட்டும்” என்று போட்டிருப்பவைதான் எனக்கு வேண்டியவை. அதிலும் பாதி, கார்பன் தேய்ந்தவை!

பட்டறைக்காரன் — 9 ஜனவரி 2025

“பொறி தெறித்தாலே மோட்டார் போயிற்று என்று பொருள்” என எழுதியிருக்கும் நண்பருக்கு: இல்லை. கார்பனின் விளிம்பில் சிறிய நீலப் பொறி எல்லாக் கருவியிலும் இருக்கும். புதியதிலும் இருக்கும். பொறி வளையத்தைச் சுற்றி நெருப்பு மாலைபோல் ஓடினால்தான் கவலைப்பட வேண்டும். ஆர்மேச்சர் சுற்றில் எங்கோ குறுக்கிணைப்பு (ஷார்ட்), அல்லது கம்பி அறுந்திருக்கிறது.

சோதிக்க, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் போதும். அடுத்தடுத்த இரண்டு செம்புப் பட்டைகளைத் தொட்டுக்கொண்டே வளையத்தைச் சுற்றி வாருங்கள். எல்லா அளவும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் எகிறினாலோ விழுந்தாலோ அங்கேதான் பழுது. பிறகு பட்டைக்கும் நடுத்தண்டுக்கும் இடையில் பாருங்கள். அங்கே இணைப்பே காட்டக் கூடாது. காட்டினால் மூடிவைத்துவிடுங்கள். அது கையில் ஷாக் அடிக்கக் காத்திருக்கும் கருவி.

வளையம் வெறும் கறுப்பாக இருந்தால் மெல்லிய மணல்தாள் போதும். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துகொண்டு கார்பனை அரைக்கும். பட்டைகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களையும் சுத்தம் செய்யுங்கள். கார்பன் தூள் அங்கே அடைந்தால் பட்டைக்குப் பட்டை பாலம் போட்டுவிடும்.

பட்டறைக்காரன் — 11 ஜனவரி 2025

பீஷானிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: “தம்பி, மிக்சியிலும் இதேதானா?” இதேதான் அக்கா. மிக்சி, வேக்கும் கிளீனர், தையல் இயந்திரத்தின் மோட்டார் எல்லாம் பெரும்பாலும் ஒரே சாதி. பொங்கலுக்கு முன்னால் மிக்சி கரகரவென்று பொறி தெறித்தால் கடைக்காரர் புதிய மிக்சியைக் காட்டுவதற்கு முன் அடியிலுள்ள திருகுகளைக் கழற்றிக் கார்பனைப் பாருங்கள். மோட்டார் ஓடி பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும், அடியிலுள்ள ரப்பர் கப்ளர் தேய்ந்திருக்கும். தேக்காவில் (லிட்டில் இந்தியா) மிக்சி விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். திருகும்போது கவனம், அது பெரும்பாலும் எதிர்த்திசையில் கழலும்.

திருகைப் பிடிக்கவே தயங்குபவர்களுக்கு ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற முயற்சி இருக்கிறது. சஸ்டெய்னபிள் லிவிங் லேப் என்ற அமைப்பு அதை 2014இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே பழுதுபார்க்க வைப்பார்கள்.

பட்டறைக்காரன் — 19 ஜனவரி 2025

தைப்பூசம் பிப்ரவரி 11. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இளைஞர்கள் காவடிச் சட்டத்துக்கு அலுமினியம் அறுக்கிறார்கள். கிரைண்டர் ஒன்று அலறிக்கொண்டு செத்தது. என்னிடம் கொண்டுவந்தார்கள்.

பின்பக்கப் பேரிங் உடைந்திருந்தது. 100 மில்லிமீட்டர் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றும். பேரிங்கில் ஆட்டம் வந்தால் ஆர்மேச்சர் நடுவில் நிற்காமல் சுற்றிலுமுள்ள இரும்பில் உரசும். அலறல் கேட்ட அன்றே நிறுத்தியிருந்தால் பேரிங் மட்டும்தான் செலவு. பையன்கள் “கொஞ்ச நாளாகவே சத்தம் வருகிறது அங்கிள்” என்றார்கள், பெருமையாக.

பேரிங்கின் வளையத்திலேயே எண் பொறித்திருக்கும். 608 என்றால் உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, கனம் 7. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. இந்த ஓர் ஒழுங்கு எல்லா உதிரிக்கும் இருந்தால் நாட்டில் பாதிக் கருவிகள் பிழைத்துக்கொள்ளும். சறுக்குப்பலகைச் சக்கரத்திலும் இதே 608 தான். ஆனால் அதை எடுத்துக் கிரைண்டரில் போடாதீர்கள். வேகத்துக்கு ஏற்றதாக, இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் மூடிக்கு 2ஆர்எஸ் என்று போட்டிருக்கும்.

அலுமினியத் தூள் வேறு தொல்லை. மின்சாரம் கடத்தும். காற்றுத் துளை வழியாக உள்ளே போய்க் கம்பிச் சுற்றின் மேல் படியும். வேகமாக அடிக்கும் தூள் கம்பியின் வார்னிஷையும் உரித்துவிடும். வேலை முடிந்ததும் சுமையில்லாமல் ஓடவிட்டு ஊதி எடுங்கள் என்று சொல்லியனுப்பினேன். ஊதுவார்களா என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

பட்டறைக்காரன் — 22 ஜனவரி 2025

ஈசூன்வாசி மறுபடி கேட்கிறார்: “அப்படியானால் 49 வெள்ளி ட்ரில்லை வாங்கவே கூடாதா?”

இதை இரண்டு நாள் யோசித்தேன். முதலில் “கூடாது” என்றுதான் எழுத நினைத்தேன். வீட்டில் ஆண்டுக்கு நாலு துளை போடுபவருக்கு அந்த ட்ரில் பத்து ஆண்டு ஓடும். கார்பன் தேயும் அளவுக்கு அவர் வேலையே செய்யப்போவதில்லை. அவரைப் பழுதுபார்க்கும் நியாயம் பேசி மிரட்டுவது வேண்டாத வேலை.

அடிக்கடி பயன்படுத்துபவருக்கு வேறு கணக்கு. வாங்குவதற்கு முன் அந்த மாடலின் எண்ணைப் போட்டு உதிரிப்பட வரைபடத்தைத் தேடுங்கள். பெரிய நிறுவனங்களின் கருவிகளுக்கு ஒவ்வொரு திருகுக்கும் எண் போட்ட படம் கிடைக்கும். பெயரே இல்லாத ட்ரில்லுக்குக் கிடைக்காது. அதில் சுவிட்ச் போனால் ட்ரில்லே போனதுதான். 49 வெள்ளியை 49 வெள்ளியோடு ஒப்பிடாமல், உதிரி கிடைக்கும் கருவியா கிடைக்காத கருவியா என்று பாருங்கள். பெயர் மாறினால் பயப்பட வேண்டாம். ஹிட்டாச்சி கருவிகள் 2018இல் ஹைகோக்கி என்று பெயர் மாறின. பழைய பச்சை நிற ஹிட்டாச்சி வைத்திருப்பவர்கள் அந்தப் பெயரில் தேட வேண்டும்.

நான் தொடாத வேலையும் உண்டு. கருகிய வாடையோடு வரும் ஆர்மேச்சரைத் தொட மாட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கம் வைண்டிங் கடையில் கொடுத்தால் கம்பி சுற்றித் தந்துவிடுவார்கள். இங்கே அந்த வேலைக்குக் கூலி கொடுத்தால் இரண்டு ட்ரில் வாங்கலாம். ஆர்மேச்சர் புதிதாகவே உதிரியாகக் கிடைக்கும், ஆனால் விலை பெரும்பாலும் கருவியின் பாதியைத் தொடும். அங்கே ஈசூன்வாசியின் கட்சிதான் சரி.

பட்டறைக்காரன் — 23 ஜனவரி 2025

ரோட்டரி ஹேமர் ட்ரில் (சுற்றிக்கொண்டே கான்கிரீட்டில் அடிப்பது) பற்றி ஒருவர்: “சுற்றுகிறது, ஆனால் கான்கிரீட்டில் அடிக்கவில்லை.” கார்பனைத் தொடாதீர்கள், அது நன்றாக இருக்கிறது. உள்ளே காற்றழுத்தத்தில் அடிக்கும் உருளையில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் காற்று கசியும், அடி விழாது. வளையம் அற்ப விலை. ஆனால் அதை மாற்ற முன்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும், பழைய கிரீஸை வழித்துவிட்டு அதற்கென்றே உள்ள கிரீஸைப் போட வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். குண்டுமணிபோல் ஓர் எஃகுக் குண்டு குதித்து ஓடும். அது சோபாவுக்கு அடியில்தான் போகும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவர் எத்தனை ஹேமர் ட்ரில்லை முடித்திருக்கிறது என்று கணக்கெடுத்தால் பெரிய பட்டியல் வரும்.

பட்டறைக்காரன் — 27 ஜனவரி 2025

பேட்டரிக் கருவிகளுக்கு வருவோம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் இங்கே என் கட்சி பலவீனம்.

கம்பியுள்ள ட்ரில்லில் சில வெள்ளிப் பொருள் தேய்கிறது. பேட்டரி ட்ரில்லில் விலையுயர்ந்த பொருளே தேய்கிறது. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இணைந்திருக்கும். கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி என்றால் பெரும்பாலும் இரட்டை வரிசை, பத்து செல்கள். (20 வோல்ட் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதும் பெரும்பாலும் இதே ஐந்து செல் வரிசைதான். முழுதாக ஏற்றியவுடன் சுமையில்லாமல் அளந்தால் அந்த எண் வரும். விற்பனைக்கு வோல்ட்டையே நீட்டிவிட்டார்கள்.)

ஐந்தில் ஒன்று சோர்ந்தாலும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிடும். மற்ற நான்கும் நன்றாகவே இருக்கும். அதைப் பார்த்து ஆசை வரும். செல்லை மாற்ற சாலிடர் இரும்பைத் தூக்காதீர்கள். லித்தியம் செல்லுக்கு அந்தச் சூடு ஆகாது. ஸ்பாட் வெல்டிங் இயந்திரம் வேண்டும், ஒரே அளவுள்ள செல்கள் வேண்டும். அதற்கு மேல், தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடம் வேண்டும். பத்தாவது மாடியில் எனக்கு அந்த இடம் இல்லை. பழைய நிக்கல்-கேட்மியம் பேட்டரிகளைப் பிரித்திருக்கிறேன். லித்தியத்தைத் தொடுவதில்லை.

கார்பனே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் வந்ததால் கார்பன் தொல்லை தீர்ந்தது என்று கைதட்டுகிறார்கள். தீர்ந்தது உண்மை. கார்பனும் வளையமும் செய்த வேலையை இப்போது மின்னணுப் பலகை செய்கிறது. பலகை போனால் கோந்தில் புதைத்த ஒரே துண்டாக மாற்ற வேண்டும், விலையைக் கேட்டால் உட்கார நாற்காலி தேட வேண்டும். நான் வாங்கும் அடுத்த ட்ரில்லும் பிரஷ்லெஸ்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை நன்றாக இருக்கிறது.

பட்டறைக்காரன் — 28 ஜனவரி 2025

செத்த பேட்டரியை எங்கே போடுவது? 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்கும் திட்டம் இங்கே நடப்பில் உள்ளது. கணினி, கைப்பேசி, குளிர்பதனப்பெட்டி, விளக்கு, மின்கலம் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. ட்ரில்லும் கிரைண்டரும் இல்லை. அதாவது அவற்றைத் தூக்கிப்போட்டால் எரியூட்டி ஆலை, பிறகு சாம்பலாகச் செமாக்காவ் தீவு. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் பக்கத்தில் எந்தத் தொட்டியில் எது என்று பார்த்துவிட்டுப் பேட்டரியைக் கொண்டுபோங்கள். முனைகளில் டேப் ஒட்டுங்கள். வீங்கியதைத் தொட்டியில் போடவே கூடாது.

பட்டறைக்காரன் — 2 பிப்ரவரி 2025

துவாஸில் வேலை செய்யும் தம்பி ஒருவர் ஊருக்குத் திரும்புகிறார். பேட்டரி ட்ரில்லைத் திருச்சிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார். கொண்டுபோகலாம் தம்பி. ட்ரில் பெரிய பெட்டியில் போகட்டும், கையில் வைத்திருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. எல்லை 100 வாட்-மணி. 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 90, தப்பித்தீர்கள். 6 ஆம்பியர்-மணி என்றால் 108, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சார்ஜருக்கு அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் மாறும்.

பட்டறைக்காரன் — 6 பிப்ரவரி 2025

பேச்சு திசைமாறினாலும் பரவாயில்லை, இதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்தவர். அவருடைய உலோக உடல் ட்ரில் என்னிடம் இருக்கிறது. கனம், உறுதி, திருகினால் பிரியும், திருகினால் சேரும். பலர் படம் கேட்டார்கள், “அந்தக் காலத்துப் பொருள்” என்று உருகினார்கள்.

உருக வேண்டாம். உலோக உடலுக்கு எர்த் கம்பி உயிர். உள்ளே ஒரு கம்பி நழுவி உடலைத் தொட்டால், எர்த் இல்லையென்றால் பிடித்திருப்பவர் வழியாகத்தான் மின்சாரம் தரைக்குப் போகும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட இன்றைய கருவிகள் இரட்டைக் காப்பு உடையவை, அவற்றுக்கு எர்த் தேவையில்லை, இரண்டு கம்பிதான் இருக்கும். பழைய ட்ரில்லில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று இருக்கும். யாரோ ஒருவர் நடுவில் கேபிளை மாற்றி, இரண்டு கம்பியோடு விட்டிருப்பார். சந்தையில் வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள்.

அப்பாவுடையது அலமாரியில் இருக்கிறது. ஓட்டுவதில்லை.

பட்டறைக்காரன் — 9 பிப்ரவரி 2025

ஈசூன்வாசி கார்பன் மாற்றிவிட்டாராம், ஓடுகிறதாம். வாழ்த்து. இப்போது கைப்பிடி ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்கிறார். அது இந்த ஊர்ப் புழுக்கத்தின் கைங்கரியம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், மேல்தோல் உரிந்து பிசுக்குப் போகும். தின்னரைத் தொடாதீர்கள், பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரைந்துவிடும்.

பிளக்கைத் திறந்து ஃபியூஸையும் பாருங்கள். 700 வாட் ட்ரில் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியரைச் சற்றே தாண்டும். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பெரும்பாலான வீடுகளில் 13தான் இருக்கும், கடையில் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

பட்டறைக்காரன் — 13 பிப்ரவரி 2025

சக் வளைந்து ஆடுகிறது, எவ்வளவு திருகினாலும் கழல மறுக்கிறது என்கிறார் ஈசூன்வாசி. சக்கின் தாடைகளை முழுவதும் விரித்து உள்ளே டார்ச் அடியுங்கள். அடியில் ஒரு திருகின் தலை தெரியும். அது இடமரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். நீங்கள் இத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். அதை எடுத்த பிறகு சக்கை வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புங்கள். இறுகியிருந்தால் பெரிய ஆலன் சாவியைச் சக்கில் பிடித்து, அதன் மேல் ரப்பர் சுத்தியலால் ஒரே அடி. புதிய சக் வாங்கப் போகும்போது பழையதையும் எடுத்துச் செல்லுங்கள். அரை அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 20 மரை உள்ள வகைதான் பரவலாக இருக்கிறது, ஆனால் பின்புறம் பொறித்திருப்பதைப் படித்துவிட்டே காசு கொடுங்கள்.